தபால் படையை நடத்திய கணக்கு டீச்சர்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் லீ என்றொரு பெரிய ராணுவ முகாம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் கட்டிக்காக்க நின்ற தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் ஈ. லீயின் பெயர் அது. 2023 ஏப்ரல் 27-ஆம் தேதி அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கருப்பினத்தைச் சேர்ந்த இரண்டு ராணுவ அதிகாரிகளின் பெயர்கள் அவை. ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் கிரெக். மற்றவர் லெப்டினன்ட் கர்னல் சேரிட்டி ஆடம்ஸ். 2025-இல் ஆட்சி மாறியதும் பெயரும் மாறியது. முகாம் மறுபடி ஃபோர்ட் லீ ஆனது. இம்முறை அது ஃபிட்ஸ் லீ என்ற வேறொரு வீரரைக் குறிக்கும் என்று விளக்கம் சொன்னார்கள்.

இரண்டே ஆண்டுகள் பெயர்ப்பலகையில் இருந்த சேரிட்டி ஆடம்ஸைத் தமிழ் ரசிகர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி சிக்ஸ் டிரிபிள் எய்ட்’ படத்தில் கெர்ரி வாஷிங்டன் நடித்த கதாபாத்திரம் இவர்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் தேங்கிக் கிடந்த லட்சக்கணக்கான கடிதங்களைப் பிரித்து அனுப்பிய கருப்பினப் பெண்கள் படையின் தலைவி. படம் நல்ல படம். ஆனால் அது போரோடு முடிந்துவிடுகிறது. சேரிட்டி 83 வயது வரை வாழ்ந்தவர். சீருடை அணிந்திருந்த காலம் அதில் நான்கு ஆண்டுகூடக் கிடையாது. முன்னும் பின்னும் அவர் ஆசிரியை, கல்லூரி நிர்வாகி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்துக்காக ஓயாமல் உழைத்த மனுஷி. போர்க்களத்தில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கான காரணமே அந்த மற்ற வாழ்க்கையில்தான் இருக்கிறது.

சேரிட்டி பிறந்தது 1918 டிசம்பர் 5-ஆம் தேதி, வட கரோலினாவின் கிட்ரெல் என்ற ஊரில். வளர்ந்தது தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா திருச்சபைப் போதகர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அது நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலம். பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே வெள்ளையருக்கு ஒன்று, கருப்பருக்கு ஒன்று. படித்த கருப்பினப் பெண்ணுக்கு அந்த ஊர்களில் கௌரவமாகத் திறந்திருந்த கதவுகள் வெகு சில. அவற்றில் முதன்மையானது ஆசிரியர் வேலை. அதனால் அறிவில் சிறந்த பெண்கள் பலர் வகுப்பறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்ட அந்தப் பள்ளிகளில் வசதி குறைவாக இருந்தாலும் ஆசிரியர்கள் தரமானவர்களாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேரிட்டி முதல் மாணவி. அங்கிருந்து ஓஹையோவில் கருப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம். கணிதமும் இயற்பியலும் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். மறுபடி கொலம்பியாவுக்கே வந்து, நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கோடை விடுமுறை வந்தால் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலை படிப்பார். பாடம் உளவியல். யாருக்கு எந்த வேலை பொருந்தும், அதற்கு அவரை எப்படித் தயார் செய்வது என்பதை ஆராயும் பிரிவு. பின்னாளில் அவருக்கு இதைவிடப் பயன்பட்ட படிப்பு வேறில்லை.

1942 மே மாதம் அமெரிக்க ராணுவத்தில் பெண்கள் துணைப் படை தொடங்கச் சட்டம் வந்தது. கருப்பினப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்களில் ஒருவர் மேரி மெக்லியாட் பெத்யூன். அவரும் அடிப்படையில் ஓர் ஆசிரியை. கையில் காசில்லாமல் ஒரு பள்ளியைத் தொடங்கிக் கல்லூரியாக வளர்த்தவர். மொத்தப் பெண்களில் பத்து சதவீதம்வரை கருப்பினத்தவரைச் சேர்க்கலாம் என்று ராணுவம் ஒத்துக்கொண்டது. அதிகாரிகளாகத் தகுதியுள்ள பட்டதாரிகள் யார் என்று தேடியபோது வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் சேரிட்டியின் பெயரைச் சொன்னது. அவர் விண்ணப்பித்தார்.

ஜூலை மாதம். அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் டி மோயின் முகாம். முதல் பயிற்சி வகுப்புக்கு 440 பெண்களுக்கு இடம். அதில் கருப்பினத்தவருக்கு 40. வழியெல்லாம் எல்லோரும் சேர்ந்து பயணம் செய்து, பேசிச் சிரித்து, ஒன்றாகச் சாப்பிட்டு வந்து சேர்ந்திருந்தார்கள். வரவேற்பு அறையில் ஓர் இளம் அதிகாரி முன்னால் வந்தார். கருப்பினப் பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் என்றார். பிறகு வெள்ளைப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் தங்குமிடத்துக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தனித்தனிப் பெயர். இவர்களுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடையாளம். நாட்டுக்காகச் சேவை செய்ய வந்தவர்களுக்கு நாடு கொடுத்த முதல் வரவேற்பு அது. தங்குமிடம் தனி, சாப்பாட்டு மேஜை தனி. சேரிட்டி இதைக் கடைசிவரை மறக்கவில்லை.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி பயிற்சி முடிந்து பட்டம் வழங்கினார்கள். கருப்பினப் பெண்களின் பிரிவில் அகர வரிசைப்படி ஆடம்ஸ் என்ற பெயர் முன்னால் நின்றது. அமெரிக்கப் பெண்கள் படையில் அதிகாரியாகப் பதவி ஏற்ற முதல் கருப்பினப் பெண் என்ற பெருமை இப்படித்தான் அவருக்கு வந்தது. வரிசை தந்த பெருமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, 24 வயதில், மேஜர் ஆனார். அது வரிசையால் வந்ததில்லை.

டி மோயினில் அவருடைய வேலை பயிற்சி கொடுப்பது. இதுவும் ஒருவகை வகுப்பறைதானே. வீட்டு வேலை செய்தவர், தொழிற்சாலையில் இருந்தவர், டீச்சர், டைப்பிஸ்ட் என்று பல இடங்களிலிருந்தும் வந்த பெண்களைச் சில வாரங்களில் படையாக மாற்ற வேண்டும். அவர் கண்டிப்பானவர் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஷூவின் பளபளப்பு முதல் சல்யூட் வைக்கும் கையின் கோணம்வரை பார்ப்பார். கருப்பினப் பெண்களிடம் ஒரு சின்னக் குறை தெரிந்தாலும் அதை வைத்தே மொத்தக் கூட்டத்தையும் எடைபோடக் காத்திருந்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அங்கே ஒருமுறை அதிகாரிகள் மன்றத்துக்குள் போனதற்காக மூத்த அதிகாரி ஒருவர் அவரை அழைத்து நிற்கவைத்து, மேஜர் பதவி வந்தாலும் உன் இடம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும் என்ற தோரணையில் புத்தி சொன்னார். சேரிட்டி வாய் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பேச வேண்டிய இடம் வேறொன்று வரக் காத்திருந்தது.

1944 முடியும் தறுவாயில் வெளிநாடு போக உத்தரவு வந்தது. எங்கே, எதற்கு என்று சொல்லவில்லை. 1945 ஜனவரியில் விமானம் கிளம்பி, கடலுக்கு மேலே போன பிறகு உறையைப் பிரித்துப் பார்த்துத்தான் லண்டன் போகிறோம் என்று தெரிந்தது. கூட வந்தவர் துணைத் தலைவரான கேப்டன் ஆபி கேம்ப்பெல். பின்னாலேயே அவர் நடத்தவிருந்த பட்டாலியன் கப்பலில் வந்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி ‘இல் த ஃப்ரான்ஸ்’ கப்பலில் கிளம்பிய முதல் பிரிவு, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தப்பி, பதினோரு நாள் கழித்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இறங்கியது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஜெர்மானியரின் பறக்கும் குண்டு ஒன்று விழுந்து வெடித்தது. அங்கிருந்து ரயிலில் பர்மிங்ஹாம். மொத்தம் 855 பேர். அதிகாரபூர்வப் பெயர் 6888-ஆவது மத்திய அஞ்சல் டைரக்டரி பட்டாலியன். அந்தப் போரில் அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரே கருப்பினப் பெண்கள் பட்டாலியன் இதுதான்.

பர்மிங்ஹாமில் அவர்களுக்காகக் காத்திருந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்தவர்களுக்குக்கூட அது எவ்வளவு சிக்கலான வேலை என்பது முழுதாகப் புரிந்திருக்காது.

பெரிய பெரிய கிடங்குகள். உள்ளே கூரையை முட்டும் அளவுக்குத் தபால் மூட்டைகள், பார்சல்கள். சுமார் 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள் என்பது மதிப்பீடு. 1944 கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பரிசுப் பொட்டலங்கள் பிப்ரவரியிலும் அங்கேயே கிடந்தன. சில கடிதங்களுக்கு வயது இரண்டு. நார்மண்டியில் இறங்கியதிலிருந்து படைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. டிசம்பரில் பெல்ஜியக் காடுகளில் ஜெர்மனி திடீரென்று திருப்பித் தாக்கியதில் எல்லாம் கலைந்து போனது. ஒரு சிப்பாய்க்கு வீட்டிலிருந்து கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் மூன்று இடம் மாறியிருப்பார். அல்லது ஆஸ்பத்திரியில் இருப்பார். அல்லது இறந்திருப்பார்.

கிடங்கில் சூடேற்றும் வசதி கிடையாது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கருப்புச் சாயம் அடித்திருந்தார்கள்; பகலிலும் விளக்கு மங்கல்தான். வீடுகளில் சுட்டு அனுப்பிய கேக்கும் பிஸ்கட்டும் பொட்டலங்களிலேயே கெட்டுப்போக, எலிகள் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தன. பெண்கள் கனமான உள்ளாடையும் அதன் மேல் கோட்டும் அணிந்துகொண்டு, அந்தக் குளிரில் மூட்டைகளைப் பிரித்தார்கள்.

இதற்கு ஆறு மாதம் கெடு. சேரிட்டி வேலையை மூன்று ஷிஃப்டாகப் பிரித்தார். ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கார்டு, மொத்தம் சுமார் 70 லட்சம் கார்டுகள். யாராவது இடம் மாறினால் அவருடைய கார்டில் புது விவரம் ஏற வேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் பெயரைப் பார்த்து, கார்டைத் தேடி, இப்போதைய முகவரியை எழுதி அனுப்ப வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள்! ஊரில் ஐந்து முருகேசன் இருந்தால் தபால்காரர் அப்பா பெயரைக் கேட்டுக் கண்டுபிடிப்பதுபோல, இங்கே ராணுவ எண்ணை வைத்து ஆளைப் பிரித்தறிந்தார்கள். கவனம் ஒரு நொடி பிசகினால் ஒரு ராபர்ட் ஸ்மித்தின் மனைவி எழுதியது இன்னொரு ராபர்ட் ஸ்மித்தின் கையில் இருக்கும்.

செல்லப் பெயரை மட்டும் எழுதி, ‘அமெரிக்க ராணுவம்’ என்று முகவரி போட்ட உறைகளும் நிறைய வந்தன. அனுப்பிய பாட்டிக்கோ அம்மாவுக்கோ அவன் பஸ்டர்தான், ஜூனியர்தான். அதற்கு மேல் முகவரி எதற்கு? அந்த மாதிரிக் கடிதங்களில் கிடைத்த சிறு தடயங்களை வைத்து ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க அனுபவப்பட்ட பெண்களை உட்கார்த்தினார்கள். கிழிந்துபோன பார்சல்களை மறுபடி கட்டினார்கள். இறந்துவிட்டவர்களுக்கு வந்த கடிதங்களைக் குறிப்பு எழுதி அனுப்பியவருக்கே திருப்பினார்கள். எல்லா வேலையிலும் அதுதான் அவர்களைச் சோர வைத்த வேலை.

ஒரு ஷிஃப்டில் 65,000 உருப்படிகள் நகர்ந்தன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம். ஆறு மாதக் கெடு வைத்த வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு பிசகவில்லை.

வேலை வாங்கத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் உண்டு. சேரிட்டியிடம் பிடிக்கிற விஷயம், தன் பொறுப்பில் இருந்த பெண்களின் வாழ்க்கையையும் அதே அக்கறையோடு அவர் ஒழுங்கு செய்தது. அவர்கள் தங்கியது கிங் எட்வர்ட்ஸ் பள்ளிக் கட்டடத்தில். மெஸ்ஸை அவர்களே நடத்தினார்கள். தலைமுடி அலங்காரத்துக்கென்று சொந்தமாக ஒரு பியூட்டி பார்லர் வைத்தார்கள். போர்க்காலத்தில் இதெல்லாம் தேவையா என்று நினைக்கலாம். கருப்பினப் பெண்களின் முடியைப் பராமரிக்கத் தெரிந்த கடை அந்த நகரத்தில் எங்கே கிடைக்கும்? குளிரிலும் தூசியிலும் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண், கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலை நிமிர வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த பார்லரில் எப்போதும் கூட்டம்.

செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பெண்களுக்கென்று தனியாக விளையாட்டுச் சாதனங்களை அனுப்பியது. அதுவரை வெள்ளைப் பெண்களோடு ஒரே இடத்தில் பொழுதுபோக்கி வந்தவர்களைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு அது என்று தெரிந்ததும், சேரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். லண்டனில் கருப்பினப் பெண்களுக்கென்று அதே சங்கம் தனி விடுதி ஒன்றைத் திறந்தபோது, அங்கே யாரும் தங்க வேண்டாம் என்று தன் படையிடம் பேசினார். அவர்களும் தங்கவில்லை.

பிறகு ஒரு ஜெனரல் வந்தார். பட்டாலியனைப் பார்வையிட வந்தவர், எல்லோரும் அணிவகுப்பில் நிற்காதது ஏன் என்று கேட்டார். ஒரு பகுதியினர் ஷிஃப்டில் இருக்கிறார்கள், இரவு வேலை பார்த்தவர்கள் தூங்குகிறார்கள் என்று சேரிட்டி விளக்கினார். ஜெனரலுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பிரிவை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர ஒரு வெள்ளை லெப்டினன்டை அனுப்புகிறேன் என்றார். சேரிட்டி மேஜர், லெப்டினன்ட் அவருக்கு இரண்டு படி கீழே. தன் படை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது ஐயா என்று பதில் சொன்னார். அவருக்கு அப்போது 26 வயது.

மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதற்காக ராணுவ நீதிமன்ற விசாரணைக்கான வேலைகளை ஜெனரல் ஆரம்பித்தார். சேரிட்டி அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார். இனப் பிரிவினையைத் தூண்டும்படி தளபதிகள் பேசக் கூடாது என்று நேச நாடுகளின் தலைமையகமே ஓர் உத்தரவு போட்டிருந்தது. அதை மீறியதற்காக ஜெனரல் மேல் எதிர்ப் புகார் கொடுக்கத் தன் அதிகாரிகளோடு உட்கார்ந்து தாள்களைத் தயார் செய்தார். விஷயம் தெரிந்ததும் ஜெனரல் தன் புகாரை விட்டுவிட்டார். பின்னாளில் பிரான்ஸில் சந்தித்தபோது, அவர் மேல் தனக்கு மரியாதை வந்துவிட்டதை அதே ஜெனரல் வாய்விட்டுச் சொன்னார். இந்தச் சம்பவத்தில் எல்லோரும் மெச்சுவது அந்த ஒற்றை வாக்கியத்தை. அதற்குப் பிறகு பொறுமையாக உட்கார்ந்து தயாரித்த அந்தத் தாள்கள்தான் அதைவிடப் பெரிய துணிச்சல். கோபம் தணிந்த பிறகும் எடுத்த நிலையில் நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஐரோப்பாவில் போர் ஓய்ந்ததும் பட்டாலியன் பிரான்ஸின் ரூவான் நகரத்துக்கு மாறியது. அங்கேயும் அதே தேக்கம், அதே வேகம். பிரெஞ்சுக்காரர்களும் சிறைப்பிடிக்கப்பட்ட ஜெர்மானியர்களும் இவர்கள் சொற்படி வேலை செய்தார்கள். 1945 ஜூலையில் நடந்த ஜீப் விபத்தில் படையைச் சேர்ந்த மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அடக்கச் செலவுக்கு ராணுவம் பணம் தரவில்லை. தோழிகள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுச் சேர்த்தார்கள். ஊரில் சவ அடக்கத் தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் அந்தப் படையிலேயே இருந்தார்கள். அவர்களே உடல்களைத் தயார் செய்தார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட நார்மண்டி அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் பெண்கள் நான்கே பேர். அந்த நால்வரில் மூவர் இவர்கள்தான்.

1945 டிசம்பரில் சேரிட்டி லெப்டினன்ட் கர்னல் ஆனார். அந்தப் போரில் பணியாற்றிய கருப்பினப் பெண்களில் இதைவிட உயர்ந்த பதவிக்கு யாரும் போகவில்லை. பென்டகனில் வேலைக்கு அழைத்தார்கள். அவர் போகவில்லை, 1946-இல் ராணுவத்தை விட்டு விலகினார். அதே ஆண்டு பட்டாலியனையும் கலைத்தார்கள். ஊர்வலமில்லை, விழா இல்லை. மாலையும் மரியாதையும் வேறு யாருக்கோ நடந்தன.

படத்துக்கு இதோடு கதை முடிகிறது. சேரிட்டி அதே ஆண்டில் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து முதுகலைப் பட்டம் வாங்கினார். கொஞ்ச நாள் கிளீவ்லாந்தில், போரிலிருந்து திரும்பியவர்களுக்கான அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு மறுபடியும் கல்வித் துறை. டென்னஸியில் ஒரு கருப்பினக் கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பாளர். அடுத்து ஜார்ஜியாவில் இன்னொரு கல்லூரி; அங்கே கல்வியியல் உதவிப் பேராசிரியர் பதவியும் சேர்ந்தது. போர் முடிந்து கல்லூரிகளுக்குள் புதிதாக நுழைந்துகொண்டிருந்த தலைமுறை அது. அந்தப் பிள்ளைகளின் விடுதி, படிப்பு, வேலைவாய்ப்பு, மனக்கவலை எல்லாம் அவருடைய மேஜைக்குத்தான் வந்தன. 855 பெண்களைக் கட்டி மேய்த்தவருக்கு அது புது வேலையாகத் தெரிந்திருக்காது.

1949-இல் திருமணம். கணவர் ஸ்டான்லி ஏர்லி அப்போது சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். சேரிட்டியும் சூரிச் போனார். பதவியை விட்டுவிட்டுக் கணவரோடு போனவர் வீட்டில் சும்மா உட்காரவில்லை. ஜெர்மன் மொழியைக் கற்றார். கற்ற கையோடு அதே பல்கலைக்கழகத்தில் வகுப்புகளுக்குப் போனார். அந்நகரத்தின் யுங் உளவியல் கல்விக்கூடத்திலும் படித்தார். தென் கரோலினாவில் தனிப் பள்ளியில் மட்டுமே படிக்க அனுமதிக்கப்பட்ட பெண், முப்பது வயதுக்கு மேல், புது மொழியில், உலகம் அறிந்த உளவியல் மையத்தில் மாணவியாக உட்கார்ந்திருந்தார். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் அழகான அத்தியாயம் இது. இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை.

1952-இல் இருவரும் அமெரிக்கா திரும்பி, கணவரின் மருத்துவப் பணியோடு டேட்டனில் குடியேறினார்கள். ஒரு மகன், ஒரு மகள். அடுத்த அரை நூற்றாண்டு அந்த ஊர்தான் அவருக்கு எல்லாம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஊர்க் காரியங்களில் இறங்கினார். ஏழைகளுக்கு வீடு ஒதுக்கும் நகர அமைப்பு, மின்சார நிறுவனம், சமுதாயக் கல்லூரியான சின்கிளேர், நகரத்து ஆப்பரா குழு என்று பல இடங்களில் நிர்வாகக் குழுவில் இருந்தார்.

வீடு, வெளிச்சம், படிப்பு, கலை: ஓர் ஊரின் அன்றாட வாழ்க்கையை எங்கே உட்கார்ந்து தீர்மானிக்கிறார்களோ அந்த மேஜைகள் அவை. கருப்பினத்தவருக்கு எளிதில் இடம் கிடைக்காத மேஜைகளும்கூட. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார்! பிரித்துவைக்கும் நோக்கத்தோடு வந்த சாதனங்களை 1945-இல் திருப்பி அனுப்பியவர், அதே சங்கத்தின் முடிவுகளை எடுக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்தார். அவர் பகையை வளர்க்கவில்லை. பழசை மறந்துவிடவும் இல்லை.

தனக்குக் கிடைத்த நாற்காலிகள் தன்னோடு முடிந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது. 1982-இல் டேட்டனில் கருப்பினத் தலைமைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கருப்பின மக்களிடையே திறமையுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊரின் நிறுவனங்களிலும் குழுக்களிலும் பொறுப்பேற்கத் தயார் செய்வது அதன் வேலை. டி மோயினில் பெண்களை அணிவகுக்க வைத்த அதே ஆசிரியை, அறுபது தாண்டிய வயதில், அடுத்த தலைமுறையைக் கூட்ட அறைகளுக்குத் தயார் செய்தார். எதற்கெடுத்தாலும் கை தட்டித் தலைவர்களை உருவாக்கிவிடுகிற நம் காலத்தில், தலைமைக்கும் பயிற்சி வேண்டும், அதை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று நினைத்த அவருடைய பொறுமையை நாம் கவனிக்க வேண்டும்.

டேட்டன் அவரை மறக்கவில்லை. சிறுமிகளுக்கான அரசுப் பள்ளி ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தது. டேட்டன் பல்கலைக்கழகமும் வில்பர்ஃபோர்ஸும் கௌரவ டாக்டர் பட்டம் தந்தன. நாடுதான் தாமதித்தது.

நாட்டுக்கு நினைவூட்டியதும் அவரேதான். 1989-இல், எழுபது வயதில், தன் ராணுவ நினைவுகளை ‘ஒன் உமன்ஸ் ஆர்மி’ என்ற புத்தகமாக எழுதினார். எலிகள் ஓடிய கிடங்கு, ராபர்ட் ஸ்மித்கள், பியூட்டி பார்லர், அந்த ஜெனரல் எல்லாம் அதில் வருகின்றன. அவர் எழுதி வைக்காதிருந்தால் அந்த ஜெனரலுக்குச் சொன்ன பதில் அன்று அங்கே நின்றிருந்தவர்களோடு போயிருக்கும். ஒரு நல்ல ஆசிரியையின் கைக்குறிப்பு போல, நடந்ததை நடந்தபடி, வருத்தத்தை மறைக்காமல், தன்னைத் தூக்கிப் பிடிக்காமல் எழுதியிருக்கிறார். 1996-இல் வாஷிங்டனில் உள்ள தேசிய அஞ்சல் அருங்காட்சியகம் அவரை அழைத்துப் பாராட்டியது. 2002 ஜனவரி 13-ஆம் தேதி டேட்டனில் காலமானார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2018-இல் கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் பட்டாலியனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் சேரிட்டியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 2022 மார்ச்சில், 6888-க்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் கையெழுத்தானது. பதக்கத்தை 2025 ஏப்ரலில் வாஷிங்டனில் வழங்கினார்கள். சேரிட்டியின் பிள்ளைகள் காலத்திலாவது வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பர்மிங்ஹாம் கிடங்கில் நின்று வேலை செய்த 855 பேரில் அன்று உயிரோடு இருந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதற்கு எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, அவர்கள் நாடு திரும்பிக் கப்பலை விட்டு இறங்கிய நாளிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் அது.